பாதிக் கணப்பு

நவம்பர் 6, புதன்

இன்று முற்பகல் பணியில் சேர்ந்தேன். ஹொன்னட்டி தோட்டக்கலை அலுவலகம், உதவியாளர். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போது சாதாரணச் சட்டையில் இருந்தவன், மேலே வந்து இறங்கும்போது பையிலிருந்த இன்னொரு சட்டையையும் மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, பார்க்கச் சகிக்காத கோலத்தில் இருந்தேன். சங்கரன்கோவில்காரனை நீலகிரிக்குத் தூக்கி அடித்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

வாடகை அறையில் பேச ஆளில்லை. அக்காவிடம் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பேச முடியும். அதற்கு மேல் போனால் அழ ஆரம்பித்துவிடுகிறாள். ஆகவே இந்த டைரி.

அலுவலகம் இருப்பது ‘பிரம்பிள்டன் ஹவுஸ்’ என்ற பங்களாவில். விக்டோரியா மகாராணி காலத்தில் ஒரு தேயிலைத் தோட்டத் துரை கட்டியதாம். ஊர்க்காரர்கள் வாயில் பிரம்பு பங்களா ஆகிவிட்டது. துரையின் படுக்கையறையில் விதை மூட்டைகள். சிங்கக் கால் வைத்த பீங்கான் குளியல் தொட்டியில் வேப்பம் புண்ணாக்கு. துரையும் துரைசானியும் ஆடிப் பாடிய பெரிய கூடத்தின் நடுவே பிளைவுட் பலகை அடித்து, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் புள்ளியியல் அலுவலகம். அவர்களுக்கு முன்வாசல், எங்களுக்குச் சமையலறை வாசல். கூரையில் சுண்ணாம்பில் செய்த திராட்சைக் குலை ஒன்று இருக்கிறது, அதில் பாதி எங்களுடையது.

குளிர்காயும் கணப்பும் அப்படியே. பலகை நேராகப் போய்க் கணப்பின் நடுவில் முட்டுகிறது. பலகை தீப்பிடிக்கக் கூடாதென்று அந்த இடத்தில் மட்டும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி விட்டிருக்கிறார்கள். எங்கள் பாதியில் காலி உரச் சாக்குகளைத் திணித்திருக்கிறார்கள்.

மதியமே மாறுதல் விண்ணப்பம் எழுதி உதவி இயக்குநர் செண்பகவடிவு மேடத்திடம் நீட்டினேன்.

“சார், இன்னும் நம்ம ஆபீஸ் டீயக்கூடக் குடிக்கலை. அதுக்குள்ளயா?” என்றார்.

குடித்தேன். ஆறிப்போயிருந்தது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பேனா பிடிக்க விரல் மடங்கவில்லை. எங்கள் துறையில் வேறு எதற்குப் பஞ்சமோ, விறகுக்குப் பஞ்சமில்லை. கவாத்து செய்து வெட்டிப்போட்ட பேரிக்காய்க் கிளைகள் பின்கட்டில் மலையாகக் கிடக்கின்றன. சாக்குகளை உருவிப் போட்டுவிட்டுக் கணப்பைப் பற்ற வைத்தேன்.

பங்களாவின் காவலர் பெள்ளி அண்ணன் ஓடி வந்தார். “சார், அது எரிஞ்சு எத்தனயோ காலம் ஆச்சு. புகை எங்க போகும்னு யாருக்கும் தெரியாது,” என்றார்.

எங்கே போகும் என்பது உடனே தெரிந்துவிட்டது. மொத்தமும் புள்ளியியல் அலுவலகத்துக்குப் போனது. பலகைக்கு அந்தப் பக்கம் இருமல். நாற்காலிகள் விழும் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்:

“ஏனுங்க! ஆபீச எரிக்கறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? பையையாச்சும் எடுத்துப்போட்டு ஓடியிருப்போம்ல!”

தண்ணீர் ஊற்றி அணைத்தேன். பலகையைப் பார்த்து, “மன்னிச்சிருங்க, குளிரு தாங்கல,” என்றேன்.

“எங்களுக்கு மட்டும் இங்க வேர்க்குதுங்களா? எழுத்துல குடுக்கறேன், பாருங்க.”

நவம்பர் 14, வியாழன்

புகார் தயாராகிறது. எப்படித் தெரியுமென்றால், பலகைக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கும் சத்தம் கேட்கிறது. நடுவில் அந்தக் குரல், “உங்க இன்ஷியல் என்னங்க?” என்று கேட்டது.

“வானா,” என்றேன்.

“குற்றாலிங்கம்ங்கறது ஒரே வார்த்தைங்களா?”

“ஒரே வார்த்தைதான்.”

“நல்லா இருக்குதுங்க பேரு. ஆனா புகார் புகார்தானுங்க.”

என் மேல் வரும் புகாருக்கு நானே விவரம் சொன்னேன். அந்த அம்மாவின் பெயர் அம்சவேணி. கோபிச்செட்டிப்பாளையம். முகம் பார்த்ததில்லை. வாசலில் ஒருமுறை தூரத்தில் பார்த்தேன், குளிருக்குச் சால்வையால் தலையோடு மூடி, கண் மட்டும் தெரிந்தது. இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான்.

கடிதம் பலகைக்கு இந்தப் பக்கம் நேராக வராது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு எழுதுவதென்றால் அவர்கள் மாவட்ட அலுவலகத்துக்கு இறங்கி, அங்கிருந்து எங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், அப்புறம் மலையேறி வர வேண்டும். முறை என்றால் முறை.

நவம்பர் 20, புதன்

பெள்ளி அண்ணன் முள்செடி ஒன்றைக் கயிற்றில் கட்டி மேலிருந்து புகைபோக்கிக்குள் இறக்கி ஆட்டினார். பழைய கூடு, கரி, செங்கல் துண்டு, ஒரு பந்து, யாருடையதோ ஒற்றைக் கையுறை என்று வரிசையாக விழுந்தன. எல்லாம் பாதிப் பாதியாக இரண்டு அலுவலகத்திலும் விழுந்ததால் இரண்டு பக்கமும் பெருக்கினோம்.

கணப்பு இப்போது ஒழுங்காக இழுக்கிறது. பலகை வழியாக ஒப்பந்தம் ஆயிற்று. விறகு எங்களுடையது. பற்ற வைக்கும் கழிவுக் காகிதம் அவர்களுடையது. அங்கே அதற்குக் குறைவே இல்லை, கோழிக் கணக்கெடுப்பின் மிச்சமே மூட்டை மூட்டையாக இருக்கிறதாம்.

நவம்பர் 22, வெள்ளி

மதிய உணவை இனி கணப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். உடம்புக்கு நல்லது. அந்தப் பக்கமும் யாரோ முக்காலி போட்டிருக்கிறார்கள். பலகையின் வெட்டு வழியாகக் கால் மட்டும் தெரிகிறது. மஞ்சள் நிறக் கம்பளிக் காலுறை.

“குற்றாலிங்கம் சார்,” என்றது குரல், “உங்க சாக்ஸ்ல கட்டவெரல் வெளிய எட்டிப் பாக்குதுங்க.”

காலை இழுத்துக்கொண்டேன்.

நவம்பர் 23, சனி

கடைவீதியில் மூன்று ஜோடி காலுறை வாங்கினேன். பழையவை எப்படியும் கிழிந்துவிட்டன.

நவம்பர் 28, வியாழன்

மழை. விறகு ஈரம். கணப்பு எரியவில்லை. நாள் போகவே இல்லை.

டிசம்பர் 4, புதன்

புகார் வந்து சேர்ந்துவிட்டது. மேலே போன இடத்தில் சும்மா அனுப்பாமல், ‘மேற்படி கணப்பினைப் பயன்படுத்துவது குறித்து இரு அலுவலகங்களும் கூட்டாக ஆய்வு செய்து அறிக்கை சமர்ப்பிக்கவும்’ என்று குறிப்பெழுதியிருக்கிறார்கள். புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் அதே கணப்பில் காலை நீட்டிக்கொண்டுதான் அதைப் படித்தோம்.

“இத நான் எழுதாமயே இருந்திருக்கலாமாட்ட இருக்குதுங்க,” என்றார் அம்சவேணி.

“நல்லாத்தான் எழுதியிருக்கிய. ‘சகிக்கவொண்ணாப் புகை’ன்னு போட்டிருக்கிய பாருங்க, அது ரொம்ப நல்லாருக்கு.”

சிரித்தார். பலகை லேசாக அதிர்ந்தது.

மேடம் என்னையே கூட்டறிக்கைக்குப் பொறுப்பாக்கிவிட்டார். அவர்கள் பக்கம் யார் பொறுப்பு என்று கேட்டேன். கேட்க வேண்டியது என் கடமை.

டிசம்பர் 11, புதன்

அறிக்கை வேலை நடக்கிறது. நினைத்ததைவிடச் சிக்கலான விஷயம். எழுதிய பக்கத்தை அட்டையில் கிளிப் போட்டு வெட்டு வழியாக நீட்டுவேன். அவர் திருத்தித் திரும்ப நீட்டுவார். நான் ‘கணப்பு’ பற்றி எழுதினால் அவர் ‘அதன் பரப்பளவு’ என்று சேர்ப்பார். புள்ளியியல்காரர்கள் எதையும் அளக்காமல் விடமாட்டார்கள்.

அட்டை கைமாறும்போது விரல் பட்டது. ஐஸ் கட்டி. கம்பளிக் கையுறை என்ன விலை என்று சாயங்காலம் கடையில் விசாரித்தேன். புள்ளியியல் துறை ஊழியரின் நலன் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் வராது. சும்மா விசாரித்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

கையுறை வாங்கிவிட்டேன். அறிக்கை அட்டையின் அடியில் வைத்து நீட்டினேன்.

அட்டை மட்டும் திரும்பி வந்தது. அப்புறம், “இதுக்கு எதாச்சும் கையெழுத்துப் போடணுங்களா?” என்றார்.

“வேண்டாம்,” என்றேன்.

டிசம்பர் 19, வியாழன்

இன்று அறிக்கையில் ஒரு வரிகூட நகரவில்லை. பேச்சு வேறெங்கோ போய்விட்டது. ஏன் இந்தக் குளிரில் வந்து கிடக்கிறீர்கள் என்று கேட்டேன். தண்டனை மாறுதலோ என்று நினைத்திருந்தேன்.

“நானே கேட்டு வாங்குனதுங்க,” என்றார். “வீட்டுக்காரர் தவறுனப்பறம் ஊருல எல்லாரும் பாவம் பாவம்னே சொல்லிட்டிருந்தாங்க. கடைக்குப் போனா பாவம். கல்யாணத்துக்குப் போனா, இவ எதுக்கு வந்தான்னு ஒரு பார்வை. காது புளிச்சுப்போச்சுங்க. இங்க யாருக்கும் என்னயத் தெரியாது. தெரிஞ்சவங்களுக்கும் பேசறதுக்கு வாய் தொறக்க முடியாது, அத்தன குளுரு.”

பாவம் என்று மட்டும் சொல்லக் கூடாதென்று தெரிந்தது. ஒரு பெரிய கட்டையை எடுத்து நெருப்பில் வைத்தேன்.

“நீங்க ஏனுங்க கல்யாணம் பண்ணிக்கல?”

“தங்கச்சிய ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்துட்டுத் திரும்பிப் பாத்தேன். நாப்பது ஆயிருந்திச்சு. அதுக்கப்புறம் கூச்சமாப் போச்சு.”

“கூச்சம் எதுக்குங்க? நாப்பது என்ன, நாப்பது. உங்க காலப் பாத்தா முப்பத்தஞ்சுதான் சொல்லலாம்.”

புதுக் காலுறை மாட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று.

டிசம்பர் 27, வெள்ளி

அக்கா போனில் ஒரே குஷி. அத்தான் யாரையோ பிடித்து, அந்த யாரோ இன்னொருவரைப் பிடித்து, சங்கரன்கோவிலில் பிப்ரவரியில் காலியாகும் இடம் எனக்குத்தானாம்.

“ஏல, மாடி ரூமுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன். அந்தக் குளிர்ல கெடந்து ஒடம்பு என்னத்துக்காகும்?” என்றாள்.

“சரிக்கா,” என்றேன்.

“என்னல, சுரத்தே இல்லாம சரிங்க?”

“பக்கத்து ஆபீஸ்ல சொன்னாவ, பிப்ரவரில பனி கொறஞ்சிருமாம்.”

“பக்கத்து ஆபீஸ்ல இன்னும் என்னெல்லாம் சொன்னாவ?” என்று கேட்டாள். அவள் எதற்கு அதைக் கேட்க வேண்டும், தெரியவில்லை.

ஜனவரி 8, புதன்

பாரம்பரியக் கட்டடங்களைப் பார்வையிடும் குழு வந்தது. கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்து சுளுக்கிய ஒருவர், “இவ்வளவு அழகான கூடத்த நடுவுல பலகை வச்சு இப்படி வெட்டியிருக்கீங்களே!” என்று மேடத்திடம் கோபப்பட்டார். நாங்கள் யாரும் வெட்டவில்லை, நாங்கள் வரும்போதே வெட்டுப்பட்டுத்தான் இருந்தது. பொங்கல் முடிந்ததும் பலகையை எடுத்துவிட்டுக் கூடத்தை முன்பிருந்தபடி ஆக்க வேண்டுமாம். இரண்டு அலுவலகமும் ஒரே கூடத்தில்.

எல்லாருக்கும் சந்தோஷம், வெளிச்சம் வருமென்று. எனக்கும் சந்தோஷம்தான்.

ஜனவரி 20, திங்கள்

பலகை போய்விட்டது. தச்சர்கள் கடைசித் துண்டைக் கழற்றியபோது நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் மஞ்சள் காலுறைக்கு மேலே முதல்முறையாக ஒரு முழு ஆள் இருந்தது. வேலைத் தூசிக்காகச் சால்வையை இறக்கி மடியில் வைத்திருந்தார். காதோரம் கொஞ்சம் நரை. கன்னத்தில் ஒரு பெரிய மச்சம். பேசும்போது நான் மனதில் வைத்திருந்த முகம் வேறு. அது நினைவுக்கே வரவில்லை, இனி இந்த முகம்தான்.

“வணக்கங்க,” என்றார்.

“வணக்கம்,” என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு மாதமாக மூச்சுவிடாமல் பேசியவர்கள், தலையைக் குனிந்துகொண்டு டிபன் பாக்சைத் திறந்தோம். மேடம் பார்க்கிறார், அவர்கள் அதிகாரி பார்க்கிறார், எங்கள் தட்டச்சர் பார்க்கிறார், பெள்ளி அண்ணன் ஜன்னலைத் துடைப்பதுபோல் பார்க்கிறார்.

ஜனவரி 23, வியாழன்

மேடம் துறையின் எல்லையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. பலகை இருந்த இடம் நெடுக ஹைட்ரேஞ்சியா பூந்தொட்டிகளை அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். அம்சவேணி முகம் தெரியும்படி ஓர் இடத்தில் மட்டும் குட்டைச் செடி வைத்தேன். அந்த இடத்தில் வெயில் குறைவு, பெரிய செடி வராது.

கூட்டறிக்கை முடிந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது. இனி எதைச் சொல்லிக்கொண்டு பேசுவது?

ஜனவரி 29, புதன்

மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. சங்கரன்கோவில். மேடம் கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அம்சவேணியும் தட்டினார், நான் வாங்கிக் கொடுத்த கையுறையோடு. சத்தமே வரவில்லை.

மதியம் முக்காலியில் உட்கார்ந்து, “சந்தோசமுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ம்,” என்றேன். தட்டச்சர் அங்கேயே நின்று ஸ்டேப்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையில்தான் இருந்தது.

ஜனவரி 31, வெள்ளி

மேடத்திடம் பட்டும் படாமலும் விசாரித்தேன். கேட்டு வாங்கிய மாறுதலை வேண்டாமென்றால் என்ன ஆகும்?

“மூணு வருஷத்துக்கு மறுபடியும் கேக்க முடியாது. இந்தக் குளிர்ல கெடக்க வேண்டியதுதான். ஏன் கேக்கறீங்க?”

“ஒரு பிரெண்டுக்காக, மேடம்.”

பிரியாவிடையை வரும் வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறார்கள். வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருக்கும் காரணத்தைச் சொல்ல முடியாது. முதலில் அவரிடம் கேட்க வேண்டும். கேட்டு, அவர் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டால்? ஒருவேளை அவருக்கு இது மதிய நேரப் பேச்சு மட்டும்தானோ என்னவோ. எனக்கு அப்படி இல்லை. இதை எழுதிவிட்டேன். டைரியில் எழுதவே இத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 5, புதன்

இன்று கேட்டுவிடுவதென்று போனேன். வாய் வரைக்கும் வந்தது. “ஹைட்ரேஞ்சியாவுக்குத் தண்ணி ஊத்திட்டியளா?” என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

சாயங்காலம் பிரியாவிடை. மிக்சர், கேக், டீ. துரை காலத்துக்கப்புறம் இந்தக் கூடத்தில் இத்தனை பேர் கூடியது இன்றுதான் என்றார் பெள்ளி அண்ணன். மேடம் எனக்குச் சால்வை போர்த்திப் பேசினார். நான் கணப்பை மீட்ட வரலாறு வந்தது. அவர்கள் அதிகாரியும் பேசினார். தட்டச்சர் ஒரு பாட்டுப் பாடினார். தலை குனிந்து மிக்சரைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஏற்புரையில் சொல்ல நாலு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், எல்லாம் நன்றி நன்றி என்று முடியும்.

“புள்ளியியல் சார்பா அம்சவேணி மேடம் ரெண்டு வார்த்தை பேசுவாங்க,” என்றார் அவர்கள் அதிகாரி.

அவர் எழுந்து, தொட்டிகளுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“எல்லாரும் சாரை வாழ்த்திட்டீங்க. நான் வாழ்த்தலீங்க,” என்றார்.

மிக்சர் மெல்லும் சத்தம் நின்றது.

“இவரு போறது எனக்குப் புடிக்கலீங்க. நேத்தே சொல்லோணும்னு பாத்தேன், முந்தாநாளே பாத்தேன். தனியாச் சொல்றதுக்கு இந்த ஹாலுல இப்ப மறைவு ஏதுங்க? அதான் எல்லார்த்து முன்னாடியும் சொல்லிப்போட்டேன். அவரு போறதுன்னா போகட்டும். ஆனா தெரியாமப் போகக் கூடாது பாருங்க.” உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது, ஆனால் குனியவில்லை.

என்னை ஏற்புரைக்கு அழைத்தார்கள். எழுந்தேன். மனப்பாடம் செய்த நாலு வரியும் போன இடம் தெரியவில்லை.

“நான் போகலை, மேடம்,” என்றேன்.

“என்னது?” என்றார் செண்பகவடிவு மேடம்.

“மாறுதல் வேண்டாம். போகலை.”

“சார், இப்பத்தான் சால்வை போத்துனேன்!”

“தெரியும், மேடம். திருப்பித் தந்திருதேன்.”

“மூணு வருஷத்துக்கு மறுபடி கேக்க முடியாது. எழுதிக் கொடுக்கணும்.”

“முப்பது வருஷத்துக்குக் கேக்கமாட்டேன்னே எழுதித் தாரேன்.”

“அதுக்கு முன்னாடியே ரிட்டயர் ஆயிருவீங்க,” என்றார் மேடம். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூடம் முழுக்கச் சிரித்தது. பெள்ளி அண்ணன் எல்லாருக்கும் இரண்டாம் தடவை கேக் வைத்தார். சால்வையை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

எல்லாரும் கிளம்பியபின் முன்வாசலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். அம்சவேணி பக்கத்தில் நின்றாள். வெள்ளையடித்த மாடி அறை என் கண் முன்னாலேயே நின்றது.

“அக்கா, நான் அங்க வரல. மாறுதல வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“யாருல அவ?” என்று கேட்டாள்.

சொன்னேன். பெயர், ஊர், வீட்டுக்காரர் இல்லை என்பது, எல்லாவற்றையும்.

“நீ கேட்டியா, அவ கேட்டாளா?”

“அவதான் சொன்னா, எல்லார் முன்னாலயும்.”

“நெனச்சேன். ஒன்ன நம்பியிருந்தா இன்னும் பத்து வருசம் ஆயிருக்கும்.” மூக்கை உறிஞ்சினாள். “போன அவட்ட குடு.”

கொடுத்தேன். அம்சவேணி கையுறையைக் கழற்றிவிட்டு, பெரிய அதிகாரியிடம் பேசுவதுபோல நேராக நின்று வாங்கினாள்.

“அக்காங்களா? வணக்கமுங்க.”

அக்காவின் குரல் எனக்கும் கேட்டது, அவள் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள்.

“அக்கா இல்ல, தாயி. மதினின்னு கூப்பிடு.”

எங்கள் பக்கம் புருஷனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்சவேணி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“சரிங்க, மதினி,” என்றாள்.